ஆட்டுக்குத் தழையும் தாது உப்பும்: எதை, எவ்வளவு, எப்போது

பரண் போட்டு ஆடு வளர்க்க வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, எந்தத் தாது உப்பு (பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் மாதிரியான தாதுக்கள் கலந்த பொடி) நல்லது, எந்த டானிக் ஊற்றினால் குட்டி சீக்கிரம் தேறும் என்பதுதான். ஆட்டுக்கு இப்போது என்ன போடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் கோ-4 புல் (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகம்) என்பார்கள். வேறே? அவ்வளவுதான். கோ-4 நல்ல புல், குறை சொல்லவில்லை, ஆனால் அதை மட்டுமே தின்று நிற்கிற ஆட்டுக்கு எந்த டப்பாவைத் திறந்தாலும் ஓரளவுக்கு மேல் பலன் இருக்காது. முதலில் தழை, அதுவும் பலவகைத் தழை. அதில் எது குறைகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் தாது உப்பு. இந்த வரிசையை மாற்றினால் காசுதான் போகும்.

அதற்காக ‘எல்லாம் இயற்கையிலேயே இருக்கிறது, உப்பெல்லாம் வேண்டாம்’ என்று சொல்பவர்கள் பக்கமும் நான் இல்லை. மண்ணில் இல்லாத சத்து தழைக்கு எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டு நிலங்களில் துத்தநாகக் குறை பரவலாக இருப்பது நெல் போடுகிற எல்லோருக்கும் தெரியும். அதே மண்ணில் வளர்ந்த புல்லைத் தின்கிற ஆட்டுக்கும் அந்தக் குறை வரத்தான் செய்யும்.

மேய்கிற ஆடும் பரண் ஆடும்

கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் கன்னி ஆடு மேய்வதைக் கொஞ்ச நேரம் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு செடியில் நாலு வாய், அடுத்ததில் ரெண்டு வாய், பின்னங்காலில் எழும்பி வேல மரத்துக் கொப்பில் கொஞ்சம், கீழே கிடக்கும் நெற்று கொஞ்சம் என்று ஒரு நாளில் எத்தனையோ வகையைத் தின்றுவிடும். ஒன்றில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) கூடுதல், இன்னொன்றில் புரதம், மற்றொன்றில் துவர்ப்பு. மொத்தத்தில் ஈடுகட்டிவிடும். பரணில் நிற்கிற ஆட்டுக்கு அந்த வசதி இல்லை, நாம் போட்டதைத்தான் தின்னும். அதனால் தாதுக் குறையும் பரண் ஆட்டில்தான் சீக்கிரம் வெளியே தெரியும்.

ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். ஆடு தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர் எடையாகத் தின்னும். 25 கிலோ ஆடு என்றால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. பச்சையில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால் அது ஏறக்குறைய மூன்று, நான்கு கிலோ பசுந்தீவனம் ஆகிறது. இதில் சரிபாதி புல், சோளத்தட்டை வகை. மீதிப் பாதியில் கொஞ்சம் வேலிமசால், தட்டைப்பயறு, குதிரைமசால் மாதிரியான பயறு வகை, கொஞ்சம் மரத்தழை. கிராம் கணக்காக நிறுத்துப் போட வேண்டியதில்லை, வாரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இந்த விகிதம் வந்தால் போதும்.

பத்து ஆட்டுக்குத் தண்ணீர் வசதியுள்ள 20, 25 சென்ட் நிலம் போதும். அதில் பாதிக்குக் கோ-4 அல்லது கோ-5, மீதிக்கு வேலிமசால். வேலிமசாலை ஒருமுறை விதைத்தால் வருடக்கணக்கில் வெட்டலாம். வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, முருங்கை, கல்யாண முருங்கை என்று மாற்றி மாற்றி நடுங்கள். இவற்றின் தழையில் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் உண்டு, கோ-4 புல்லில் ஏறக்குறைய அதில் பாதிதான் வரும். ஏற்கெனவே ஆல், அரசு, வாகை, பூவரசு, பலா, கொடுக்காப்புளி நின்றால் அவையும் தீவன மரங்கள்தான், வெட்டிவிடாதீர்கள். வேப்பங்கொப்பு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதும்.

கிளைரிசிடியாவை முதலில் ஆடு தொடாது. வாடை பிடிக்காது. அரை நாள் வாட வைத்து, பழகின தழையோடு கலந்து போடுங்கள், ஒரு வாரத்தில் அதுவே தேடும். தழை எதுவானாலும் தரையில் பரப்பாமல் ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள். மிதித்த தழையை ஆடு தின்னாது என்பது ஒரு காரணம். குடற்புழுவின் இளம் புழுக்கள் தரையை ஒட்டிய ஈரத்தில்தான் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மேய்ச்சலுக்கு விடுபவர்களைப் பனி காய்ந்த பிறகு விடச் சொல்வதும் இதற்குத்தான்.

சூபாபுல்லில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஹவாய்த் தீவு ஆடுகள் சூபாபுல்லை வயிறு முட்டத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருப்பதைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, அவற்றின் வயிற்றில் இருந்த நுண்ணுயிரிகளை 1980-களின் தொடக்கத்தில் தன் நாட்டுக் கால்நடைகளுக்கு மாற்றிக் காட்டினார். அந்த பாக்டீரியாவுக்கு 1992-ல் அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். நம் ஆட்டு வயிற்றில் அது இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்க முடியாது, அளவோடு போடுவது எளிது.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உலர் எடையில் கால்வாசி புரதம் என்பது சரிதான், ஆனால் ஒரு கிலோ அசோலாவில் 930, 940 கிராம் தண்ணீர். மிஞ்சுகிற 60 கிராமில் கால்வாசி என்றால் 15 கிராம் புரதம். ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கு அதைத் தந்துவிடும். தொட்டி ஏற்கெனவே இருந்தால் போடுங்கள், இதற்கென்று புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

கெடுதல் செய்யும் தீவனம்

தீவனத்தால் ஆடு சாவது பெரும்பாலும் அரிசியால்தான். ரேஷன் அரிசி, மீந்த சோறு, விசேஷ வீட்டு எச்சில் இலை, பொங்கல். பழக்கமில்லாத ஆடு ஒரே நேரத்தில் வயிறு நிறையத் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, கழிச்சலாகி, மறுநாளே படுத்துவிடும். திருட்டுத்தனமாகச் சாக்கைக் கிழித்துத் தின்ற ஆட்டுக்கும் இதே கதைதான். தீவனக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுவதும் தீவன மேலாண்மையில் சேர்த்திதான். தின்றுவிட்டது தெரிந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை தானியம் எதுவும் காட்டாமல் காய்ந்த தட்டை மட்டும் போடுங்கள்.

பூக்காத இளஞ்சோளம், அறுத்தபின் மறுதாம்பாகத் துளிர்த்த சோளம், பச்சை மரவள்ளி இலை, இவற்றில் சயனைடு. சோளத்தைப் பூத்த பிறகு வெட்டுங்கள். மரவள்ளி இலையை நன்றாகக் காயவைத்து, அதுவும் கொஞ்சமாகக் கொடுங்கள். அரளி பக்கமே போக விடாதீர்கள், உண்ணிச்செடியும் அப்படியே. மழை பெய்து புதுப்புல் முளைக்கிற நேரத்தில் வயிறு நிறைய மேய்ந்தால் துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வரும், கொழுத்த குட்டிதான் முதலில் விழும். மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டு, காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டை தின்ன வைத்து அனுப்புங்கள்.

எந்தத் தீவனத்தை மாற்றினாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். ஆட்டின் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிரிகளும் புதுத் தீவனத்துக்குப் பழக வேண்டும்.

எந்தத் தாது குறைகிறது?

சுவரை நக்குவது, மண் தின்பது, பிளாஸ்டிக் பை, துணி, எலும்பு கடிப்பது. இது பெரும்பாலும் பாஸ்பரஸ் குறை, சில நேரம் உப்புக் குறை. மரத்தழையில் சுண்ணாம்புச் சத்து தாராளம், பாஸ்பரஸ் குறைவு. காய்ந்த புல்லிலும் அப்படியே. தவிட்டில் நேர் எதிர், பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து சொற்பம். ஆகவே தழையை நம்பி வளர்க்கிற ஆட்டுக்கு நாளுக்கு 100 கிராம் கோதுமைத் தவிடோ நல்ல அரிசித் தவிடோ கொடுத்தால் கணக்கு நேராகும். உமி கலந்த மட்டத் தவிடு வாங்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

கறுத்த ஆட்டின் முடி செம்பட்டையாகி, மினுமினுப்புப் போய், வால் நுனி மொட்டையாகத் தெரிந்தால் தாமிரம் குறைகிறது என்று சந்தேகப்படலாம். சினையில் கடுமையாகக் குறைந்தால் பிறக்கிற குட்டி பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். போர்வெல் தண்ணீரில் இரும்போ கந்தகமோ கூடுதலாக இருந்தால், தீவனத்தில் தாமிரம் இருந்தும் உடம்பில் ஒட்டாது. இங்கே ஒரு எச்சரிக்கை: வெள்ளாட்டுக்குத் தாமிரம் தாராளமாகத் தேவை, செம்மறிக்கு அதே அளவு விஷம். இரண்டையும் ஒரே பட்டியில் வைத்திருப்பவர்கள் பொதுத்தொட்டியில் தாது உப்பு வைக்காமல் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். புழுவுக்கு மருந்து என்று மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) கரைத்து ஊற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதில் அளவு தப்பினால் ஆடு மிஞ்சாது.

முட்டி, காது, வாயோரம் முடி கொட்டித் தோல் தடித்துப் பொருக்குத் தட்டுவது, குளம்பு உடைவது, கிடாய்க்கு விந்து வளம் குறைவது ஆகியவை துத்தநாகக் குறையின் அடையாளங்கள். சுண்ணாம்புச் சத்து அதிகமானால் துத்தநாகம் உடம்பில் சேராது என்பதால், அகத்தியையே வேளாவேளைக்குப் போடுகிற இடத்தில் இது வரலாம். ஆனால் சொறி உண்ணியும் இதே மாதிரிதான் தெரியும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். குட்டி முடியில்லாமல் பிறந்தாலோ, கழுத்தில் கட்டியோடு பிறந்தாலோ அயோடின் குறை. முட்டைக்கோஸ் இலையும் சூபாபுல்லும் மரவள்ளி இலையும் தொடர்ந்து தின்ற ஆடுகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். நம் சமையலறை அயோடின் உப்பையே ஆட்டுக்கும் கொடுத்தால் இதற்கு வழி பிறந்துவிடும், கல்லுப்பில் அயோடின் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கோபால்ட் குறைந்தால் வயிற்று நுண்ணுயிரிகளால் பி12 தயாரிக்க முடியாது, நல்ல தீனி தின்றும் ஆடு வற்றிக்கொண்டே போகும்.

தாது உப்பைக் கொடுக்கும் முறை

பெரிய ஆட்டுக்கு நாளுக்கு 10 கிராம், குட்டிக்கு 3 முதல் 5 கிராம். மட்டமாக ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம் வரும். அடர்தீவனத்தில் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்து அரைத்த தீவனம்) நூறு கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு கலப்பதுதான் வழக்கம், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆட்டுக்கு நீங்கள் 100 கிராம் அடர்தீவனம்தான் தருகிறீர்கள் என்றால் உள்ளே போவது 2 கிராம் தாது உப்பு மட்டுமே. எனவே அடர்தீவனம் குறைவாகக் கொடுக்கிற இடத்தில் தாது உப்பைத் தனியாக அளந்து, கொஞ்சம் தவிட்டில் போட்டு, கஞ்சித்தண்ணீர் தெளித்துப் பிசறி வையுங்கள். கடைக் குச்சித் தீவனம் வாங்குகிறவர்கள் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு மேற்கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் ஏற்கெனவே கலந்திருப்பார்கள்.

தாது உப்பில் சாதா உப்பு சேர்ந்த வகை, சேராத வகை இரண்டும் விற்கிறார்கள். சேராததை வாங்கினால் ஆட்டுக்கு 5 கிராம் உப்பு தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீரில் கரைத்துவிடாதீர்கள், பாதி அடியில் படிந்துவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களிலும் தாது உப்பு தயாரித்து விற்கிறார்கள், போனால் கேட்டுப் பாருங்கள். ரெண்டு மாதத்துக்கு ஆகிற அளவு வாங்கி, மூடி போட்ட டப்பாவில் ஈரம் படாமல் வைத்தால் போதும்.

தொங்கவிடும் உப்புக்கட்டி கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆடு தனக்கு வேண்டிய தாதுவைத் தானே அறிந்து தின்னும் என்பது சாதா உப்பு விஷயத்தில்தான் நிச்சயமான உண்மை, மற்றவற்றில் இல்லை. தவிர, உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றால் ஆடு கட்டியை நக்கவே நக்காது, அதிலுள்ள தாமிரமும் துத்தநாகமும் கட்டியிலேயே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் தவிட்டில் கலந்து கொடுப்பதுதான் வழி.

முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துப் போடலாமா என்று கேட்டால், போடலாம், அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அகத்தியும் வேலிமசாலும் தின்கிற ஆட்டுக்குக் கால்சியம் குறையவே குறையாது, தானியமும் தவிடும் அதிகம் தின்கிற ஆட்டுக்குத்தான் அது உதவும். வீட்டில் எலும்பைச் சுட்டு இடித்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். எந்த மாட்டெலும்பு, எந்த நோயில் செத்தது என்று தெரியாது, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி மண்ணிலும் எலும்பிலும் பல வருடம் கிடக்கும்.

வீட்டிலேயே அடர்தீவனம் அரைக்க நினைப்பவர்களுக்கு ஒரு கலவை: மக்காச்சோளமோ கம்போ 40 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 20, துவரை அல்லது உளுந்துப் பொட்டு 17, தாது உப்பு 2, உப்பு 1. புரதம் 17, 18 சதவீதம் வரும். வளரும் குட்டிக்கு 50 முதல் 100 கிராம், பால் கொடுக்கிற தாய்க்கு 250 முதல் 300 கிராம். சும்மா நிற்கிற பெட்டைக்குத் தழை நன்றாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம். பிண்ணாக்கில் பூசணம் இருந்தால், கொஞ்சமாக இருந்தாலும், மொத்தத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.

கிடாய்க்குத் தனிக் கவனம்

கிடாயைக் கொழுக்க வைக்கத் தவிடும் தானியமும் அள்ளிப் போடுவார்கள். பக்ரீத்துக்கு வளர்ப்பவர்கள் கொஞ்சம் கூடவே. அதில்தான் மூத்திரக்கல் வருகிறது. தவிடு, தானியத்தில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்தால் சிறுநீரில் உப்புப் படிந்து கல்லாகும். பெட்டைக்கு வழி அகலம், போய்விடும். கிடாய்க்கு வழி குறுகலும் வளைவும், அடைத்துக்கொள்ளும். சின்ன வயதிலேயே காயடித்த கிடாய்க்கு இன்னும் குறுகல். மொத்தத் தீவனத்தில் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்று இருக்க வேண்டும். தினமும் பயறுவகைத் தழை, மரத்தழை தின்றால் அந்த விகிதம் தானாக வரும். உப்பு ஒழுங்காகப் போனால் தண்ணீர் நிறையக் குடிக்கும், அதுவும் கல்லைத் தடுக்கும். கிடாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, கத்திக்கொண்டே வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், மறுநாள் வரை தாங்காது.

சினை, குட்டி

ஐந்து மாதச் சினையில் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். ரெட்டைக் குட்டி என்றால் வயிற்றில் தழைக்கு இடமே இருக்காது. அப்போது 200, 250 கிராம் அடர்தீவனத்தை ரெண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தாது உப்பை ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். குட்டி போட்டதும் சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

பாலில் இரும்பும் தாமிரமும் சொற்பம். பரணிலேயே பிறந்து மண்ணே பார்க்காத குட்டிக்கு ரத்தசோகை வருவதற்கு அது ஒரு காரணம். இரண்டு வாரத்திலேயே இளம் அகத்தி, வேலிமசால் கொழுந்தைக் குட்டி எட்டுகிற உயரத்தில் கட்டிவிடுங்கள். முதலில் விளையாட்டாகக் கடிக்கும், ஒரு மாதத்தில் தின்னப் பழகிவிடும்.

கோடைக்குச் சேமிப்பு

காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே வெள்வேல மரத்தை விட்டு வைத்திருப்பது நிழலுக்காக மட்டும் இல்லை, புல் காய்ந்த காலத்தில் அதன் நெற்று ஆடு மாட்டுக்குத் தீனி. நீங்களும் நெற்று உதிரும் காலத்தில் பொறுக்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வையுங்கள். கடலைக்கொடி, உளுந்துப் பொட்டு, துவரைப் பொட்டு கிடைக்கிற சமயத்தில் மலிவாக வாங்கிப் போடுங்கள். வைக்கோலைவிடப் பல மடங்கு மேல். மிஞ்சுகிற வேலிமசாலையும் சூபாபுல்லையும் நிழலில் உலர்த்தினால் இலை பச்சை மாறாமல் இருக்கும்.

சீமைக்கருவேலங்காயும் நல்ல தீவனம்தான், 12 சதவீதம் போலப் புரதம், நிறைய இனிப்பு. ஆனால் முழுசாகப் போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையில் வந்து, எரு போகிற வயலெல்லாம் முளைக்கும். உச்சி வெயிலில் முறுகக் காயவைத்துச் சூட்டோடு அரையுங்கள், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் இனிப்புப் பிசினால் இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாவை அடர்தீவனத்தில் நாலில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம்.

தாது உப்பு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ஆடு தேறவில்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள், உள்ளே சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ரத்தம் குடிக்கும் குடற்புழுவாக இருக்கலாம். புதுப் புழுக்கை ஒரு பிடி எடுத்துச் சின்னப் பையில் கட்டிக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எந்தப் புழு, எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்ற மருந்தைத் தருவார்கள்.